எட்டு நாற்பது பஸ்

1

போன மாதம் மெல்போர்னில் எனக்கு ஒரு அரசாங்கக் கடிதம் வந்தது. பன்னிரண்டு பேரில் ஒருவனாக உட்கார்ந்து, ஒரு மனிதன் குற்றவாளியா இல்லையா என்று நான் சொல்ல வேண்டுமாம். ஜூரி என்று பெயர். நம் ஊரில் அதை எப்போதோ எடுத்துவிட்டார்கள். இங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது. வாக்காளர் பட்டியலிலிருந்து பெயரை உருவி எடுப்பார்களாம். குடியுரிமை வாங்கி ஒரு வருஷம்கூட முழுதாக ஆகவில்லை, அதற்குள் என்னை உருவிவிட்டார்கள்.

கடிதத்தோடு வந்த படிவத்தை என் மகள் கவிதாதான் நிரப்பினாள். பத்து வயது. இங்கிலீஷ் படிவம் என்றால் எங்கள் வீட்டில் அவள்தான் அதிகாரி. ஒவ்வொரு கேள்வியாகப் படித்து, அரைகுறைத் தமிழில் எனக்குச் சொல்லி, நான் வாயைத் திறப்பதற்குள் கட்டத்தில் டிக் போட்டுவிடுவாள். "உங்க மேல கேஸ் இருக்கா? இல்ல. ஜெயில்ல இருந்தீங்களா? இல்ல. வேற கோர்ட்ல ஏதாவது பெண்டிங் இருக்கா?" பேனா 'இல்லை' என்ற கட்டத்துக்குப் போய்விட்டது. நான் அவள் கையைப் பிடித்தேன். பிடித்தேனே தவிர, இருக்கிறது என்று சொல்லவில்லை. "போடு" என்றேன். போட்டாள்.

பொய். சென்னைக்கு மேற்கே ஒரு கோர்ட்டில் ஒரு கொலை வழக்கு நாலு வருஷமாக எனக்காக நின்றுகொண்டிருக்கிறது. கத்தி ஏறியதைக் கண்ணால் பார்த்ததாகக் கையெழுத்துப் போட்ட ஒரே சாட்சி நான். நான் போய்க் கூண்டில் ஏறும்வரை, அதில் குற்றம் சாட்டப்பட்ட பெண் மாதாமாதம் வாய்தாவுக்கு வந்து நிற்க வேண்டும். அவள் பெயர் ஸ்டெல்லா. அவள் கொன்றது, அவள் கணவனைக் கொன்றவனை. அந்தக் கொலைக்கும் நான்தான் சாட்சி. இதைப் பத்து வயதுப் பெண்ணிடம் எந்தக் கட்டத்தில் டிக் போடச் சொல்வது?

2

கொரட்டூரில் ஏரிக்குப் பக்கத்துத் தெருவில் எங்கள் வீடு. நாலு வீடு தள்ளி தேவராஜ், ஸ்டெல்லாவின் கணவன். அவனும் நானும் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரே பட்டறையில் லேத் ஓட்டினோம். அவன் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பூசைக்குப் போகும் கிறிஸ்துவன். நான் எந்தக் கோயிலுக்கும் போகாத இந்து. அவன் பூசை முடிந்து வரும்வரை கறிக்கடை வரிசையில் அவனுக்கும் சேர்த்து இடம் பிடித்து நிற்பது என் வேலை.

அதே தெருவில் கஜேந்திரன் என்று ஒருவன் கள்ளச்சாராயம் விற்றான். தேவராஜ் அவனைப் பற்றி ஒரு புகார் எழுதிப் போட்டான். கீழே கையெழுத்தும் போட்டான், அப்பாவி. எழுதியது யார் என்று கஜேந்திரனுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது.

அது எண்பதுகளின் நடுவில் ஒரு ஞாயிறு. தேவராஜ் வந்து எனக்கு முன்னால் நின்றுகொண்டு, "மாமே, நெஞ்செலும்பா கேளு" என்றான். அவன் கடைசியாகப் பேசியது அதுதான். கஜேந்திரன் பின்னாலிருந்து பதுங்கி வரவில்லை. எதிரில் நேராக நடந்து வந்தான். முதல் வெட்டைத் தேவராஜ் கையால் தடுத்தான். இரண்டு விரல்கள் மண்ணில் விழுந்தன. அவற்றை எடுக்கக் குனிந்தான் பாருங்கள், இன்றுவரை என்னால் அதைத்தான் தாங்க முடியவில்லை. குனிந்த கழுத்தில் இரண்டாவது வெட்டு. அப்புறம் விழுந்ததெல்லாம் செத்தவன் மேல் விழுந்த வெட்டு. கறிக்கடைக்காரர் கையில் அதைவிடப் பெரிய கத்தி இருந்தது. அவரும் நின்றார். வரிசையில் இருந்த ஒருவரும் வரிசையை விட்டு நகரவில்லை. ரத்தம் என் செருப்புக்குள் வந்தது. சூடாக இருந்தது.

நான் லேத் ஓட்டுகிறவன். இரும்பைக் கண்டால் அது எங்கிருந்து வந்தது என்று கண் தானாகப் பார்க்கும். அது லாரி ஸ்பிரிங் பட்டையை அடித்துத் தீட்டிய கத்தி. கைப்பிடியில் மரம் கிடையாது, சைக்கிள் ட்யூபை வெட்டிச் சுற்றியிருந்தது. பட்டையில் ஏற்கெனவே இருந்த போல்ட் ஓட்டை, பிடிக்குச் சற்று மேலே பாதி தெரிந்தது. நண்பன் சாகும் நேரத்தில் இத்தனையும் பார்த்து வைத்திருக்கிறேன். போலீசிடம் ஒன்று விடாமல் சொன்னேன்.

3

கோர்ட் எந்த ஊரில் என்று எழுதப்போவதில்லை. பூந்தமல்லியில் இறங்கி எட்டு நாற்பது பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், அது போதும். அதை விட்டால் அடுத்த பஸ் பத்தரைக்கு. பத்தரைக்குக் கோர்ட்டில் டவாலி நம் பெயரைக் கூப்பிட ஆரம்பித்துவிடுவார். "ஏழுமலை, ஏழுமலை, ஏழுமலை" என்று மூன்று முறை. மூன்றாவதற்கும் ஆள் வராவிட்டால் வாரன்ட்.

ஆகவே கோர்ட்டுக்குப் போகிற எல்லோருக்கும் அந்த ஒரே பஸ். கஜேந்திரன் சில மாதங்களில் ஜாமீனில் வந்துவிட்டான். வெட்டியவன், வெட்டுப்பட்டவனின் மனைவி, பார்த்தவன் என்று நாங்கள் மூன்று பேரும் ஒன்பது வருஷம் அந்த பஸ்ஸில் சேர்ந்து போனோம்.

போய் என்ன கண்டோம்? ஜட்ஜ் லீவு. ஜட்ஜ் மாற்றல், புது ஜட்ஜ் இன்னும் வரவில்லை. வக்கீல்கள் உள்ளே போகாத நாள். எதிர்த்தரப்பு வக்கீலுக்கு ஜுரம், அதே வக்கீலின் மாமியாருக்கு ஜுரம். இன்ஸ்பெக்டர் பந்தோபஸ்துக்குப் போய்விட்டார். எல்லோரும் வந்துவிட்ட ஒரு நாள், வழக்குக் காகிதக் கட்டைக் காணவில்லை. வராந்தா முழுக்கக் காகிதக் கட்டுகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருக்கும், அவற்றின் மேல் சாப்பாட்டுத் தூக்கை வைத்துவிட்டு ஜனங்கள் காத்திருப்பார்கள். எங்கள் கட்டை அன்று ஒரு கிழவர் தலைக்கு வைத்துப் படுத்திருந்தார். அவருடையது நிலத்தகராறாம். கண்டுபிடிப்பதற்குள் மணி ஐந்து.

முதல் வருஷம் கஜேந்திரன் பஸ்ஸில் என் காதுக்குள் சொன்னது: "வாயத் தொறந்தே, நீ ஏரிலதான் மெதப்பே." மூன்றாம் வருஷம் நேரம் கேட்டான். ஐந்தாம் வருஷம் டீ வாங்கிக் கொடுத்தான். குடித்தேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் குடித்தேன். அவனுக்குக் கல்யாணம் ஆயிற்று, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாய்தாவுக்கு வந்தான். பஸ் நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாகத் துண்டை எறிந்து சீட்டுப் பிடிப்பதில் கெட்டிக்காரன். "அண்ணாத்தே, இங்க வா, ஒனக்கும் சேத்துதான் போட்டுகீறேன்" என்பான். ஸ்டெல்லாவுக்கும் போடுவான். அவள் உட்கார மாட்டாள். அம்பத்தூரில் ஒரு தோல் கம்பெனியில் நாள் முழுக்க நின்று வேலை செய்கிறவள், கால் வீங்கிக் கிடக்கும், ஆனாலும் நின்றே வருவாள்.

ஏழாம் வருஷம் ஒரு நாள் உட்கார்ந்துவிட்டாள். கஜேந்திரன் பிடித்து வைத்த சீட்டில், அவன் துண்டின் மேலேயே. அப்போது அவள் முகத்தைப் பார்த்தேன். தேவராஜைப் புதைத்த அன்றுகூட அவள் முகம் அப்படி இல்லை. எனக்குக் கோர்ட்டைக் கொளுத்திவிடலாம் போல் இருந்தது.

4

தொண்ணூறுகளில் ஒரு புது ஜட்ஜ் வந்தார். பழைய வழக்குகளை எல்லாம் இந்த வருஷத்துக்குள் முடித்தாக வேண்டும் என்று மேலிருந்து உத்தரவாம். மனிதர் பத்தரை அடித்தால் நாற்காலியில் இருப்பார். ஜுரம் என்று சொன்ன வக்கீலிடம், "உங்க ஜூனியருக்கும் ஜுரமா?" என்று கேட்டார். எங்கள் வழக்கு ஒரே நாளில் விசாரணை என்று போட்டார்கள். ஸ்டெல்லா முதல் தடவையாகத் தலையில் பூ வைத்துக்கொண்டு வந்தாள்.

ஆனால் ஒன்பது வருஷத்தில் கறிக்கடைக்காரர் செத்துப்போயிருந்தார். இரண்டு பேர் கூண்டில் ஏறி ஒன்றுமே பார்க்கவில்லை என்றார்கள். மற்றவர்கள் எந்த ஊரில் இருக்கிறார்கள் என்றே தெரியவில்லை. மிச்சம் நான். அரசு வக்கீல் என்னை வராந்தாவில் ஓரமாக இழுத்தார். "ஏழுமலை, உள்ள எதக் காட்டினாலும் ஆமான்னு சொல்லு. யோசிக்காத. இன்னிக்கு விட்டா இந்தக் கேஸ் செத்துடும்" என்றார்.

கூண்டில் ஏறினேன். பார்த்ததைச் சொன்னேன், கஜேந்திரனைக் கையை நீட்டிக் காட்டினேன். பிறகு பழுப்புக் காகிதத்தைப் பிரித்து ஒரு கத்தியை என்னிடம் நீட்டினார்கள். மரப்பிடி. மூன்று பித்தளை ஆணி. கடையில் வாங்கிய மெல்லிய தகடு. எங்கள் வழக்கின் எண் எழுதிய சீட்டு அதில் கட்டியிருந்தது.

எப்படி மாறியது என்று பிறகு அங்கே வேலை பார்த்த ஒருவர் சொன்னார். வழக்குப் பொருள்களைப் பூட்டி வைக்கும் சொத்து அறையில் மழை ஒழுகிச் சீட்டுகள் எல்லாம் உதிர்ந்து கிடந்தனவாம். பழைய வழக்குகளை எடுக்கிற அவசரத்தில், ஒரே மத்தியானத்தில் புதிதாகச் சீட்டு எழுதி, எந்தக் கத்திக்கு எது என்று குத்துமதிப்பாகக் கட்டிவிட்டார்களாம். ஒன்பது வருஷம் தூங்கியவர்கள் ஒரே மத்தியானத்தில் எழுந்து ஓடினால் இப்படித்தான்.

"இதுதானே அந்தக் கத்தி?" என்று கேட்டார் அரசு வக்கீல்.

பட்டறையில் தப்பான அளவைச் சரி என்று சொன்னால் யாருக்காவது விரல் போகும். என் கண்ணும் வாயும் அப்படிப் பழகியவை. அதோடு கொஞ்சம் கர்வமும் இருந்தது, மறைக்க மாட்டேன். "ஐயா, இது அது இல்லீங்க. அது லாரி பட்டைல அடிச்சது" என்றேன். எதிர்த்தரப்பு வக்கீல் தன் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

அடுத்த வாரமே தீர்ப்பு. சந்தேகத்தின் பலனைக் கஜேந்திரனுக்குக் கொடுத்து விடுதலை செய்தார்கள். வராந்தாவில் ஸ்டெல்லா என் எதிரில் வந்து நின்றாள். திட்டவில்லை. "ஏண்ணே, கத்திய அவ்ளோ கரெக்டா பாத்தியே, அவன பாக்கலியா நீ?" என்று மட்டும் கேட்டாள். பார்த்தேன் என்றேன். அது அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

5

எட்டு நாற்பதுக்கு வருகிற அதே வண்டிதான் மத்தியானம் திரும்பும். பஸ் நின்றதும் கஜேந்திரன் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டான். விடுதலையான அன்றும் அவன் கை பழக்கத்தை விடவில்லை. ஏறியதும் ஸ்டெல்லாவைப் பார்த்து, "ஒக்காரும்மா. இன்னியோட இந்தத் தொல்ல வுட்டுச்சு, ஒனக்கும் எனக்கும்" என்றான். கிண்டல் இல்லை. சேர்ந்து கஷ்டப்பட்ட ஒருத்தியிடம் சொல்வது போல மனதாரச் சொன்னான்.

அவள் உட்கார்ந்தாள். அவன் மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் பக்கத்தில் நின்றான். நான் அவனுக்குப் பின்னால், ஒரு முழத்தில்.

பஸ் கிளம்பியது. அவள் பைக்குள் கையை விட்டாள். டிக்கெட்டுக்குச் சில்லறை எடுக்கிறாள் என்று நினைத்தேன். எடுத்தது தோலுக்கு ஓரம் சீவும் கத்தி, முனை சாய்வாகத் தீட்டியது. தூக்கியிருந்த கைக்குக் கீழே, விலாவில் ஏற்றினாள். அவன் "இன்னாம்மா?" என்றான். நிஜமாகவே கேட்டான். இரண்டாவதும் மூன்றாவதும் அதே இடத்தில். பிறகு எழுந்து நின்று கழுத்தில். ரத்தம் கூரையில் அடித்து என் முகத்தில் தெறித்தது, வாய்க்குள் உப்புக் கரித்தது. அவன் உடம்பு மடங்கித் தொங்கியது, கம்பியைப் பிடித்த கை மட்டும் விடவில்லை. முன்னால் டிக்கெட் போட்டுக்கொண்டிருந்த கண்டக்டர் அலறல் கேட்டு ஓடி வந்து ஒவ்வொரு விரலாகப் பிரித்தார். ஸ்டெல்லா கத்தியை அவன் துண்டில் துடைத்து மடியில் வைத்துக்கொண்டாள். அந்தக் கத்தி அன்றைக்குத்தான் பைக்குள் வந்ததா, ஒன்பது வருஷமும் அங்கேயே இருந்ததா, எனக்குத் தெரியாது.

டிரைவர் பஸ்ஸை நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓட்டினார். மெதுவான இடத்திலெல்லாம் ஜனங்கள் குதித்தார்கள். எல்லோரும் கோர்ட்டுக்கு வந்து போகிறவர்கள், சாட்சி சொல்வது என்றால் என்ன என்று அறிந்தவர்கள். ஸ்டேஷனுக்குள் பஸ் நுழைந்தபோது டிரைவர், கண்டக்டர், ஸ்டெல்லா, பிணம், நான். பார்த்ததை எழுதிக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டேன். போட்டுவிட்டு வெளியே வந்து சாக்கடை ஓரத்தில் வாந்தி எடுத்தேன்.

சில மாதங்களில் ஸ்டெல்லாவும் ஜாமீனில் வந்தாள். அடுத்த வருஷம் எனக்கு ஆஸ்திரேலியா விசா வந்தது. வேலைக்குப் போகிறேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். ஓடினேன் என்பதுதான் சரி. நான் உண்மையைச் சொன்னால் ஸ்டெல்லாவுக்கு ஆயுள் தண்டனை. பொய் சொல்வதாக இருந்தால், அந்தப் பொய்யைத் தேவராஜுக்காக அன்றைக்கே சொல்லியிருக்கலாமே என்று என் நெஞ்சே என்னைக் கிழிக்கும். அதனால் இரண்டும் வேண்டாம் என்று விமானம் ஏறினேன். சம்மன் வந்தால் கொரட்டூரில் என் அண்ணன் "ஆள் வெளிநாட்டில்" என்று எழுதித் திருப்பி அனுப்புவார். அவசர ஜட்ஜும் மாற்றலாகிப் போய்விட்டார்.

6

இங்கே என் வாழ்க்கை ஒழுங்கானது. காலை ஆறு மணி ஷிப்ட், கம்ப்யூட்டர் ஓட்டும் லேத், நான் பொத்தானை அமுக்கினால் போதும். சாயங்காலம் கவிதாவைப் பள்ளியிலிருந்து டிராமில் அழைத்து வருவேன். வருவேன் என்றா எழுதினேன்? வந்துகொண்டிருந்தேன்.

ஒரு நாள் டிராமில் கூட்டம். கவிதா எக்கி மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தோழியோடு சிரித்துப் பேசிக்கொண்டு நின்றாள். கை தூக்கி, விலா தெரிய. எனக்கு என்ன ஆயிற்று என்று சொல்லத் தெரியவில்லை. அவள் கையைப் பிடித்து இழுத்தேன். மூர்க்கமாக இழுத்தேன். அவள் முகம் இரும்புத் தூணில் மோதி உதடு கிழிந்தது. "கையை இறக்கு! இறக்குடீ!" என்று கத்தினேனாம். டிராம் முழுக்க என்னைப் பார்த்தது.

மறுநாள் பள்ளியில் கூப்பிட்டார்கள். குழந்தைகள் நலத் துறையிலிருந்து வந்த ஒரு அம்மாள் மடியில் படிவத்தோடு உட்கார்ந்து, ஏன் அடித்தீர்கள் என்று கேட்டார். அடிக்கவில்லை, இழுத்தேன் என்றேன். ஏன்? "அவள் கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள்" என்றேன். அதை அப்படியே எழுதிக்கொண்டார். ஆறு மாதம் வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். கவிதா இப்போது தோழியின் அம்மாவோடு காரில் வருகிறாள். என்னிடம் இங்கிலீஷில்தான் பேசுவாள், படிவத்துக்கு மட்டும் தமிழ். என் பெண்ணை நான்தான் விரட்டினேன்.

ஜூரிக்குப் போன அன்று நாற்பது பேரை ஒரு அறையில் உட்கார வைத்தார்கள். ஜட்ஜ் ஒரு வயதான அம்மாள். மதுக்கடை வாசலில் ஒருவனைக் கத்தியால் குத்திய வழக்கு. நடந்து பத்து மாதம் ஆகிவிட்டதாம், அந்தத் தாமதத்துக்கு அரசு வக்கீல் வருத்தம் தெரிவித்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. மேஜைமேல் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பெட்டிக்குள் கத்தி. பெட்டியிலேயே எண் அச்சடித்திருந்தது. உதிர்ந்துபோக அதில் சீட்டே இல்லை.

உட்கார முடியாத காரணம் யாருக்காவது உண்டா என்று ஜட்ஜ் கேட்டார். நான் எழுந்துவிட்டேன். "நான் சாட்சி" என்று இங்கிலீஷில் சொன்னேன். அவர் தாளைப் புரட்டினார். "இந்த வழக்கிலா?" இல்லை, இந்தியாவில். "அது எப்போது முடிந்தது?" முடியவில்லை என்றேன். "என்னால்தான் முடியவில்லை" என்றேன். யாரோ சிரித்தார்கள். ஜட்ஜ் சிரிக்கவில்லை. நீங்கள் போகலாம் என்றார்.

வீட்டுக்கு வந்து, நாலு வருஷத்தில் முதல் தடவையாக, அண்ணனிடம் போன் செய்து ஸ்டெல்லாவைப் பற்றிக் கேட்டேன். அவளுக்கு என் நம்பரைக் கொடுக்கச் சொன்னேன்.

7

அடுத்த ஞாயிறு மத்தியானம் போன் வந்தது. அங்கே காலை, பூசை முடிந்து எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசுகிறாள்.

"அண்ணே, நல்லாகீறியா? பொண்ணு நல்லாகீதா?"

நான் என்னவோ உளறினேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள். "நீ வந்து சொல்லிட்டுப் போயிடுண்ணே. இன்னா பாத்தியோ அத்த சொல்லு."

"சொன்னா ஒனக்கு ஆயுள்மா."

"சொல்லாம இருந்தா மட்டும் இன்னாவாம்? மாசாமாசம் அதே பஸ்சு. அந்தக் கம்பியப் பாத்தா அவன் கை தொங்கிகினு கீது. அவன் பொண்டாட்டியும் புள்ளயோட அதே பஸ்லதான் வர்றா, என்னியே பாத்துகினு. அவருக்கோசரம் ஒம்போது வருசம் போனேன், இப்ப எனக்கோசரம் போறேன். கொல்லவும் மாட்றாங்க, வுடவும் மாட்றாங்க. முடிலண்ணே."

"கோவமா ஸ்டெல்லா என் மேல?"

பூத்துக்கு வெளியே ரயில் போகும் சத்தம் கேட்டது. "இருந்துச்சு" என்றாள். "ஒன்னியும் சேத்துக் குத்திருப்பேன் அன்னிக்கி. நீ கைய எறக்கி வெச்சிருந்தே, அதான்."

என் மனைவி வசந்தா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். போனை வைத்ததும், "அங்க போயி அவளுக்கு ஜெயில் வாங்கிக் குடுக்கப் போறீங்களா?" என்று கத்தினாள். கவிதா அறைக்கதவை அறைந்து சாத்திக்கொண்டாள். பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன், கையில் இருந்ததை எறிந்திருப்பேன், அப்படிப்பட்டவன்தான். அன்றைக்கு எறியவில்லை. கவிதாவின் கதவைத் தட்டி, நாம் பொய்யாக டிக் போட்ட அந்தக் கேள்வியைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்றேன். கதவு திறக்க நேரமாயிற்று. திறந்தாள். உதட்டில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. தேவராஜின் விரல்களிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் தமிழிலேயே சொன்னேன். புரியாத இடத்தில் நிறுத்திக் கேட்டாள்.

டிக்கெட் வாங்கிவிட்டேன். அடுத்த மாதம் வாய்தா. எத்தனை நாள் ஆகும் என்று இங்கே முதலாளி கேட்கிறார். ஜட்ஜ் லீவாக இருக்கலாம், கட்டு காணாமல் போகலாம், அதை இவருக்கு எப்படி விளக்குவது? முடிகிறவரை இருப்பேன் என்று மட்டும் சொன்னேன். எந்தக் கத்தியைக் காட்டினாலும், கத்தியைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால், அது எத்தனை வருஷ வாய்தாவில் தீட்டிய கத்தி என்று அந்த ஜட்ஜிடம் சொல்லப்போகிறேன். அதை யாராவது எழுதிக்கொள்வார்களா என்று தெரியாது.

நேற்று ஸ்டெல்லாவிடம் வரும் தேதியைச் சொன்னேன். ஊரெல்லாம் மாறியிருக்குமே, இன்னும் அதே பஸ்தானா என்று கேட்டேன்.

"அதே எட்டு நாப்பதுதாண்ணே. கூட்டம்தான் இப்ப ஜாஸ்தி" என்றாள். "நீ மெதுவா வா. ஒனக்கும் சேத்து நான் துண்டு போட்டு வெக்கிறேன்."